நடக்க முடியாத அண்ணாவை இரவு பஸ்ஸில் ராகமைக்குக் கூட்டிப்போவது

சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணா இரண்டு வருடங்களுக்கு முன் பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர். இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. சலக்குழாய் (சிறுநீர் வடியும் குழாய்) போட்டிருக்கிறது. கொழும்புக்குக் கிட்ட இருக்கும் ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். வான் பிடிக்கக் காசு இல்லை. “இரவு பஸ்ஸில் கூட்டிப்போகலாமா, போனால் என்னென்ன பார்க்க வேண்டும்?” என்பதுதான் கேள்வி.

போகலாம் தம்பி. ஆனால் இந்தப் பயணம் பத்திரமாக முடியுமா இல்லையா என்பது பெரும்பாலும் பஸ் புறப்படுவதற்கு முன்பே முடிவாகிவிடும். எந்த சீற், யார் தூக்குவது, எப்படித் தூக்குவது, சக்கரக் கதிரை எங்கே போகும், எங்கே இறங்குவது என்ற எல்லாவற்றையும் அண்ணாவின் வாயால் கேட்டு முடிவெடுங்கள். அவருடைய உடம்பு எதைத் தாங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

நான் இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் போட்டவன். புனர்வாழ்வு வேலையில் இருபது வருடங்களுக்கு மேல் இருக்கிறேன். இரவு பஸ்ஸில் நானும் போயிருக்கிறேன், சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும் கூட்டிப்போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. அண்ணாவின் இருப்புப் பகுதியிலோ குதிக்காலிலோ இப்போது படுக்கைப் புண் இருந்தால், அல்லது காய்ச்சலோடு சலம் கலங்கிப் போனால், இந்தப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். கிளினிக்குக்கு போன் எடுத்துச் சொன்னால் வேறு திகதி தருவார்கள். திறந்த புண்ணோடு 9 மணித்தியாலம் இருந்து போனால், போய்ச் சேரும்போது புண் இன்னும் ஆழமாகியிருக்கும். புறப்படுவதற்கு முன்னரே உங்கள் ஊர் டொக்டரிடம் ஒருதரம் காட்டி, அவ்வளவு நேரம் இருக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலையும் ஒருதரம் யோசித்துப் பாருங்கள். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை திரும்ப ரயில் வந்த பிறகு எங்களுக்கு அந்த வழியும் இருக்கிறது. ரயிலில் மலசலகூடம் உண்டு, உடம்பைச் சரிக்க இடம் உண்டு, திடீர்ப் பிரேக் குறைவு. பாதையும் ராகமைக்கூடாகத்தான் போகிறது. நீங்கள் பிடிக்கும் ரயில் அங்கே நிற்குமா என்று மட்டும் நிலையத்தில் கேளுங்கள். ஆனால் ஆசனம் முன்கூட்டியே முடிந்துவிடும், கிளினிக் நேரத்துக்கு ஒத்துவராமலும் போகும். அதனால்தான் எங்கள் ஆட்களில் அநேகம் பேர் கடைசியில் பஸ்ஸுக்கு வருகிறார்கள்.

சரி, எந்த பஸ்? சொகுசு பஸ்தான் நல்லது என்று எல்லாரும் நினைப்பார்கள். ஏறுவதைப் பொறுத்தவரை அது உண்மையில்லை. சொகுசு பஸ்ஸுக்குக் கீழே சாமான் வைக்கும் அறை இருப்பதால் இருக்கைத் தளம் நல்ல உயரத்தில் இருக்கும். படிகள் ஒடுக்கம், மேலே ஏறியதும் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தில்தான் தூக்குபவர் தடுமாறுவார், காலும் கைபிடியில் அடிபடும். சாதாரண இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில் படி நேராகப் போகும், தூக்குவது சுலபம். ஆனால் அதில் சீற் நிமிர்ந்தே இருக்கும், இடைவெளி குறைவு, வழியில் நின்று ஏறுகிறவர்கள் மேலே சாய்வார்கள். அண்ணாவுக்கு உணர்வில்லாததால், இரவு முழுக்க ஒரே நிமிர்வில் இருப்பதைவிடச் சாயக்கூடிய சீற் முக்கியம். தூக்குவதற்கு இரண்டு நல்ல ஆட்கள் இருந்தால் சொகுசு பஸ்ஸைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் இ.போ.ச.

ரிக்கற் போடும்போது போனில் மட்டும் பேசி முடிக்காதீர்கள். முடிந்தால் முதல் நாள் ஒருவர் யாழ்ப்பாணம் போய், அந்த பஸ் நிற்கும் நேரத்தில் ஏறிப் பாருங்கள். பார்க்க வேண்டியது மூன்று விஷயங்கள். நடைபாதைப் பக்கக் கைத்தாங்கி மேலே தூக்குப்படுமா? அது அசையாத கைத்தாங்கி என்றால் அண்ணாவை அதற்கு மேலால் தூக்கி இறக்க வேண்டும், இருப்புத் தோல் அதில் உரஞ்சும். சீற் பட்டி இருக்கிறதா, கொளுவுகிறதா? சக்கர நாற்காலி மடித்தால் டிக்கிக்குள் போகுமா? டிக்கியில் அன்றைக்கு மீன் பெட்டியும் வெங்காய மூட்டையும் நிறைந்திருந்தால் கதிரையைக் கூரையில் கட்டுவோம் என்பார்கள். அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

சீற் எது என்பதில்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். எங்கள் பஸ்களில் முன்வரிசையை மதகுருமாருக்கும் வலது குறைந்தோருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் என்று ஒதுக்கியிருப்பார்கள். ஏறி இறங்க அது வசதி. ஊன்றுகோலோடு போகிறவருக்கும், கண் தெரியாதவருக்கும் நல்ல இடம். ஆனால் அண்ணாவைப் போல, பிரேக் பிடிக்கும்போது காலை ஊன்றித் தன்னைத் தாங்க முடியாதவருக்கு அந்த முதல் சீற் ஆபத்தான இடம். அவருக்கு முன்னால் ஒரு சீற்றின் முதுகு இல்லை. படியோ கண்ணாடியோதான் இருக்கிறது. ஏ9 வீதியில் இரவில் மாடு குறுக்கே வரும், வடமேற்குப் பக்கம் சில இடங்களில் யானையும் வரும். சாரதி ஓங்கிப் பிரேக் அடித்தால் அண்ணா நேராக முன்னால் போய் விழுவார். இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசையைக் கேளுங்கள். முன் சீற்றின் முதுகு அவருக்கு ஒரு தடுப்பாக இருக்கும்.

பின்னால் போகவே வேண்டாம். பின்சில்லுக்குப் பின்னே இருக்கும் வரிசைகளில் ஒவ்வொரு குழிக்கும் உடம்பு மேலெழும்பி விழும். எலும்பு நொய்ந்தவர்களுக்கு அங்கே முள்ளந்தண்டு நொறுங்கவும் கூடும். நடக்காத கால்களில் எலும்பு காலப்போக்கில் மெலிந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவே குலுக்கல் மிகக் குறைவு. ஆனால் சக்கர நாற்காலி நடைபாதைக்குள் வராது, அவ்வளவு தூரமும் தூக்கித்தான் போக வேண்டும். அதனால்தான் இரண்டாம் மூன்றாம் வரிசை என்கிறேன்.

ஜன்னல் பக்கமா நடைபாதைப் பக்கமா? ஜன்னல் பக்கம் அண்ணா, நடைபாதைப் பக்கம் நீங்கள். வளைவுகளில் அவர் சரிந்தால் ஒரு பக்கம் சுவர் தாங்கும், மறுபக்கம் நீங்கள் தாங்குவீர்கள். சீற் பட்டி இல்லாத பஸ்ஸில் இடுப்பைச் சுற்றி அகலப் பட்டி ஒன்று போடலாம். ஆனால் ஒரே இழுவையில் கழரும் கொளுக்கி உள்ளதாக இருக்க வேண்டும். சால்வையால் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். அவசரத்தில் அந்த முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாது.

இனி, சூடு. இதை எழுதும்போது கை தயங்குகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் முள்ளந்தண்டு பாதித்த ஒரு இளைஞனை நான் கூட்டிப்போனேன். முன் எஞ்சின் பஸ். சாரதிக்குப் பக்கத்தில் இருக்கும் எஞ்சின் மூடிக்கு அருகே எங்களுக்கு இடம் தந்தார்கள், நல்ல மனதோடுதான் தந்தார்கள். இருட்டில் அவனுடைய கால் சரிந்து அந்த மூடியோடு ஒட்டி நின்றதை நான் பார்க்கவில்லை. அவனுக்கு உணர்வில்லை, சொல்லவும் இல்லை. விடியற்காலம் காலுறையைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. அந்தப் புண் ஆற ஐந்து மாதம் எடுத்தது. அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து, எந்த பஸ்ஸில் ஏறினாலும் என் முதல் வேலை புறங்கையால் தரையையும் பக்கத்தையும் தொட்டுப் பார்ப்பதுதான். முன் எஞ்சின் பஸ் என்றால் சாரதிக்குப் பக்கம் சூடு, சொகுசு பஸ்களில் பெரும்பாலும் பின்வரிசைகளுக்குக் கீழே. தடித்த காலுறையும் மூடிய சப்பாத்தும் போடுங்கள். மணிக்கு ஒருதரம் ரோச் அடித்துக் காலைப் பாருங்கள்.

இதே காரணத்துக்காக, தேத்தண்ணி பிளாஸ்கை அண்ணாவின் மடியிலோ தொடைகளுக்கு நடுவிலோ வைக்காதீர்கள். முள்ளந்தண்டு பாதித்தவர்களுக்குத் தொடையில் வரும் பொல்லாத எரிகாயங்கள் பெரும்பாலும் சுடுதண்ணியாலும் தேத்தண்ணியாலும் வருகின்றன. கப்பை நீங்கள் பிடியுங்கள், அவர் குடிக்கட்டும்.

ஏற்றும் விதத்துக்கு வருகிறேன். அண்ணாவின் கைகளும் தோள்களும் நல்ல பலமாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இரண்டு ஆட்கள் போதும். அண்ணா தன் கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடித்துக்கொள்ளட்டும். பலமான ஆள் பின்னால் நின்று, அக்குளுக்குக் கீழால் கை விட்டு, அவருடைய முன்கைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் முழங்கால்களுக்குக் கீழே கை கொடுப்பார். பின்னால் நிற்பவர்தான் முதலில் படியேறுவார், பின்பக்கமாக. எண்ணுவது அண்ணா. “ஒன்று, இரண்டு, மூன்று” என்று அவர் சொன்ன பிறகுதான் தூக்க வேண்டும். வீட்டில் இதை நாலைந்து தரம் பழகுங்கள், திண்ணைப் படி போதும். சலக்குழாய்ப் பையைத் தூக்குவதற்கு முன்னரே அவருடைய காலோடு கட்டிவிடுங்கள். குழாய் எங்காவது கொளுவி இழுபட்டால் உள்ளே காயம் வரும்.

கொண்டக்டர், பக்கத்துக் கடைக்காரர், ஓட்டோ அண்ணை என்று உதவிக்கு ஓடிவருபவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அது பெரிய விஷயம். ஆனால் அவர்கள் கேட்காமலே கையைப் பிடித்து இழுப்பார்கள். “கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, அவர் சொல்லுவார், அதுபோலத் தூக்குவம்” என்று முதலே சொல்லிவிடுங்கள். கொழும்புப் பக்கம் உதவிக்கு வருபவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். மெதுவாக என்பதற்குச் சிங்களத்தில் “ஹெமின்” என்றால் விளங்கிக்கொள்வார்.

பாரிசவாதம் வந்தவரை இப்படி அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விழுந்த பக்கத் தோள் மூட்டைத் தாங்கத் தசைக்குப் பலம் இல்லை, இழுத்தால் மூட்டு கழன்று மாதக்கணக்கில் வலி தரும். அவர்களுக்குத் தடித்த போர்வையை உடம்புக்குக் கீழே விரித்து, நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துத் தூக்குவது நல்லது. அண்ணாவுக்கும் அப்படி ஒரு போர்வை எடுத்துப்போங்கள். பஸ்ஸில் ஏதாவது நடந்து அவசரமாக இறக்க வேண்டி வந்தால் அதுதான் கைகொடுக்கும். ஆனால் அதை அவருக்குக் கீழே விரித்தபடி விடாதீர்கள். போர்வையின் ஒரு மடிப்பே போதும், ஒரு இரவில் புண் தொடங்கிவிடும். மடித்து முதுகுப் பக்கம் வையுங்கள். ஏறியதும் அவசர வழி எந்தப் பக்கம், அந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று பார்த்து வையுங்கள். ஏசி பஸ்ஸில் ஜன்னல் திறக்காது, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எங்கே தொங்குகிறது என்றும் பாருங்கள். பின் சீற்றில் இருக்கும் இரண்டு இளைஞர்களிடம், “தம்பிமார், ஏதாவது என்றால் இவரை இறக்க ஒரு கை தரவேணும்” என்று புறப்படும் முன் சொல்லிவையுங்கள். கேட்டுவைத்தால் அந்த நேரம் அவர்களே முதலில் வருவார்கள்.

சக்கர நாற்காலியின் மெத்தையைக் கதிரையோடு டிக்கிக்குள் விடாதீர்கள். அதை பஸ் சீற்றின் மேல் போட்டு, அதில்தான் அண்ணா இருக்க வேண்டும். கழற்றக்கூடிய கால்தாங்கிகள், கைத்தாங்கிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மேலே எடுத்துக்கொள்ளுங்கள், டிக்கிக்குள் விட்டால் தொலைவது அவைதான். மடித்த கதிரையைக் கயிற்றால் கட்டி, பெயரும் போன் இலக்கமும் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். எல்லாச் சாமானும் ஏறிய பிறகு, கதவோரமாக, கடைசியில் கதிரை ஏறட்டும். முதலில் இறங்க வேண்டியது அதுதானே.

பயணத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது தோலும் சலமும். அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் அண்ணா இருப்பைத் தூக்க வேண்டும். கைகளால் ஊன்றி எழும்பலாம், அல்லது முன்னால் குனியலாம், அல்லது ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்து பிறகு மறுபக்கம் சாயலாம். ஓடும் பஸ்ஸில் சாய்வதுதான் பத்திரம். ஒவ்வொரு தரமும் 2 நிமிடமாவது அந்தப் பாரம் நீங்கி இருக்க வேண்டும். தூக்கத்தில் மறந்துபோகும், போனை அதிரும்படி அலாரம் வைத்து உங்கள் பொக்கற்றில் போடுங்கள். ஆம், அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் இருக்காது. முடிந்தால் இரண்டு பேர் கூடப் போய் முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

சலப்பையை ஏறுவதற்கு முன் வெறுமையாக்கி, இரவுக்கு 2 லீற்றர்ப் பையை மாட்டுங்கள். வெளியே மாட்டும் இந்தப் பை எப்போதும் உடம்புக்குள் இருக்கும் சலப்பையை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். குழாய் சீற் இடுக்கில் மடியக் கூடாது. வழியில் சிரமம் என்று தண்ணியை நிறுத்துகிறார்கள், எங்கள் ஆட்கள் செய்யும் பெரிய பிழை இதுதான். தண்ணி குறைந்தால் குழாய் அடைபடும், கிருமி பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே போகட்டும். நிரந்தரக் குழாய் இல்லாமல், நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் தாங்களே குழாய் விட்டுச் சலம் எடுப்பவர்களுக்குத்தான் இந்தப் பயணம் இன்னும் கஷ்டம். அவர்கள் பஸ் நிற்கும் நேரங்களை கொண்டக்டரிடம் முதலே கேட்டு, ஒரு போர்வை மறைப்புக்கும் கைகழுவும் திரவத்துக்கும் ஆயத்தமாக வர வேண்டும். மலம் போவதை முதல் நாளே ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். வழியில் எண்ணெய் வடியும் கொத்து ரொட்டி வேண்டாம், வீட்டிலிருந்து இடியப்பமோ பாணோ கட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் அண்ணாவுக்குப் பாதிப்பு கீழே இருப்பதால் அடுத்தது அவருக்கு வருவது அரிது. ஆனால் ஆறாவது நெஞ்சு முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களின் வீட்டார் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று தாங்க முடியாத தலையிடி, முகம் சிவந்து வியர்வை, மயிர்க்கூச்செறிதல் வந்தால் பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இரத்த அழுத்தம் எகிறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அநேகமாகச் சலக்குழாய் மடிந்திருக்கும் அல்லது அடைபட்டிருக்கும். ஆளை நிமிர்த்தி இருத்துங்கள், படுக்க வைக்க வேண்டாம். பெல்ட், இறுக்கமான உடுப்பு, பட்டி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். குழாயை நிமிர்த்திச் சலம் ஓடுகிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் பஸ்ஸை நிறுத்தி 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். 2018 இலிருந்து வடக்கிலும் அந்தச் சேவை உண்டு, காசு இல்லை. எங்கே நிற்கிறோம் என்று சொல்வதற்காகவே போனில் வரைபடத்தைத் திறந்து வைத்திருங்கள். மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் நடுவில் இருட்டில் எந்த இடம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

முறிகண்டியில் பஸ் நிற்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் எங்கள் பஸ்கள் அங்கிருந்து போகும். அண்ணாவை இறக்கிக் கும்பிட வைக்க உங்களுக்கு மனம் வரும். இறக்க வேண்டாம் தம்பி. ஒவ்வொரு இறக்கமும் ஏற்றமும் ஒரு ஆபத்து. திருநீறை நீங்கள் வாங்கிவந்து பூசிவிடுங்கள். பஸ் நிற்கும் அந்தப் பத்து நிமிடம் குலுக்கல் இல்லாத நேரம், இருப்பை நன்றாகத் தூக்கவும் சலப்பையை வெறுமையாக்கவும் அதுதான் வாய்ப்பு. பிறகு புத்தளம் சிலாபம் பக்கம் சாப்பாட்டுக்கு நிற்கும் கடைகளில், சக்கர நாற்காலி போகக்கூடிய மலசலகூடத்தை நான் கண்டது அரிது. அதை நம்பிப் போகாதீர்கள்.

இறங்கும் இடத்தைப் பற்றி. ராகமைக்குப் போவதற்குக் கொழும்பு வரை போய்த் திரும்பத் தேவையில்லை. நீர்கொழும்புப் பக்கத்தால் பழைய வீதியில் வரும் பஸ் ஜாஎல, கந்தானை, மகாபாகை என்று வரும். அங்கே இறங்கினால் ஓட்டோவுக்குக் கிட்ட. ஆனால் சில பஸ்கள் கட்டுநாயக்கவில் அதிவேகப் பாதையில் ஏறிவிடும், சில குருநாகல் வழியால் வரும். ரிக்கற் போடும்போதே கேளுங்கள், கொண்டக்டரிடம் மறுபடி சொல்லுங்கள். விடியப்புறம் 4 மணிக்கு நடுவீதியில் அவசரமாக இறக்கிவிடாமல், வெளிச்சமுள்ள, வாகனம் ஓரமாக நிற்கக்கூடிய இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் கதிரை இறங்கி, விரிந்து, பிரேக் போட்ட பிறகுதான் அண்ணா இறங்க வேண்டும்.

மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். செயற்கைக் கால் போட்டவர்கள் எங்கள் வடக்கில் குறைவில்லை. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 இலிருந்து கால் செய்து கொடுத்து வருகிறது. முழங்கால் மடங்காதவர்கள் சீற்றைப் பார்த்து எடுக்க வேண்டும்: வலது கால் நீட்ட வேண்டுமென்றால் பஸ்ஸின் இடது பக்க வரிசையில் நடைபாதை ஓரம், இடது கால் என்றால் வலது பக்க வரிசையில் நடைபாதை ஓரம். இரவில் காலைக் கழற்றி வைத்தால் சுகம்தான், ஆனால் துண்டம் (மிஞ்சியிருக்கும் கால்) வீங்கி விடியச் செயற்கைக் கால் ஏறாது. நான் கழற்றுவதில்லை, பட்டியைத் தளர்த்துவேன். கழற்றியே ஆக வேண்டுமென்றால் துண்டத்துக்கு இறுக்கமான உறை போட்டு வையுங்கள். காலையும் ஊன்றுகோலையும் மேல் தட்டில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

கண் தெரியாதவர்கள் ஏறியதும் பஸ் இலக்கத்தின் கடைசி நாலு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கடையில் ஒரே மாதிரி ஐந்தாறு பஸ் நிற்கும், எஞ்சின் சத்தத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. வெள்ளைப் பிரம்பை மடித்து மடியிலேயே வைத்திருங்கள். காது கேட்காதவர்கள் இறங்கும் இடத்தையும் “எனக்குக் காது கேட்காது, தோளில் தட்டுங்கள்” என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு அட்டையில் எழுதி கொண்டக்டரிடம் கொடுத்துவிடுங்கள். வலிப்பு உள்ளவர்களுக்கு இரவுப் பயணமே ஒரு தூண்டுதல், தூக்கம் கெடும், மாத்திரை நேரம் தவறும். பகல் பஸ் கிடைத்தால் பகலில் போங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்கிறோம் என்று திறப்பைத் திணிக்க வேண்டாம், வாய்க்குள் கரண்டி வைக்கவும் வேண்டாம். தலை அடிபடாமல் பார்த்து, ஒரு பக்கமாகச் சரித்து, நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 1990.

இவ்வளவையும் நாங்களே பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருப்பது நியாயமில்லை. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் போகக்கூடிய எந்த இடத்துக்கும் போகும் உரிமையை அவர்களுக்கு மறுக்கக் கூடாது என்று 23 ஆம் பிரிவில் சொல்கிறது. 2006 இல் அணுகு வசதி ஒழுங்குவிதிகள் வந்தன. 2016 பெப்ரவரியில் வலது குறைந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் ஆஸ்பத்திரி வீதியில் நிற்கும் பஸ்ஸின் படி இன்னும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. சாய்தளம் போட்டால் தீரும் என்று சிலர் சொல்கிறார்கள். சாய்தளத்துக்கு வழக்கமான கணக்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். 3 அடி உயரத் தளத்துக்கு 36 அடி சாய்தளம் வேண்டும், அது பஸ் நீளத்துக்கே வந்துவிடும். பஸ் நிலையத்தில் பஸ் தளத்தின் உயரத்துக்கு ஒரு நிரந்தர மேடை கட்டி, அதற்கு நிலத்திலிருந்து சாய்வுப் பாதை அமைத்தால் எல்லாப் பஸ்ஸுக்கும் அது போதும். அல்லது கதிரையைத் தூக்கி ஏற்றும் இயந்திரம் பஸ்ஸிலேயே வேண்டும். முதலாவது அவ்வளவு பெரிய செலவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒன்று, வவுனியாவில் ஒன்று, கொழும்பில் ஒன்று கட்டினாலே எத்தனை பேரைத் தூக்கித் தூக்கி அலைக்கழிக்காமல் விடலாம்.

யாராவது ஏற்ற மறுத்தால், கதிரைக்கு அநியாயக் காசு கேட்டால், பஸ் இலக்கம், திகதி, நேரம், இடம் நாலையும் குறித்து, ரிக்கற்றைப் பத்திரப்படுத்தி முறையிடுங்கள். மாகாணங்களுக்கு இடையே ஓடும் தனியார் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955, இ.போ.ச. என்றால் 1958. ஒருவர் முறையிட்டால் கவனிக்காமல் விடக்கூடும், பலர் முறையிட்டால் விட முடியாது.

ராகமையில் இறங்கி வைத்தியசாலைக்குள் போனதும் முதல் வேலை, அண்ணாவை ஒரு கட்டிலில் குப்புறவோ பக்கவாட்டிலோ படுக்க வைத்து இருப்பு, வால் எலும்பு, குதிக்கால், கணுக்கால் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். எங்கள் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, சூடாக, கட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அரை மணித்தியாலத்தில் அது மறையாவிட்டால் தாதியிடம் காட்டுங்கள். கிளினிக் முடிந்ததும் அன்றிரவே பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வர வேண்டாம். ஒரு இரவாவது அவர் படுத்திருக்க வேண்டும், தோல் ஆற வேண்டும். கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள், மாடிப்படி இல்லாத வீடா என்று கேட்டுக்கொண்டு. திரும்பி வரும் ரிக்கற்றை அதற்கு அடுத்த நாளுக்குப் போடுங்கள்.